வீட்ல கேட்டீங்களா மேடம்

என் மனைவி வேலை பார்க்கும் பீரோ கம்பெனியில் அவளுக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழ் என் பெயருக்கும் ஒன்று வந்தது. "தாங்கள் தங்கள் துணைவியாருடன் வருகை தந்து சிறப்பிக்க வேண்டும்" என்று அடித்திருந்தார்கள். எல்லோருக்கும் போடுகிற வாசகத்தை எனக்கும் போட்டுவிட்டார்கள், பாவம். நான் அதை அவளிடம் நீட்டி, "என் துணைவியைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. வர்றியா?" என்று கேட்டேன்.

"நேரம் இருந்தா பாக்கறேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வாக்கியம் வேடிக்கைக்காகச் சொல்லப்பட்டது அன்றைக்குத்தான்.

நான் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவள் அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போன புதிதில் என் பஸ்ஸில்தான் போவாள். அவள் இறங்குகிற நிறுத்தத்தில் மட்டும் விசில் கொடுக்க எனக்குக் கொஞ்சம் தாமதமாகும். டிரைவர் முதலில் திட்டினார், பிறகு கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டார். இறக்கிவிட்ட இடத்திலேயே அவள் இத்தனை காலம் இருந்துவிடுவாள் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

அது ஒரு குடும்பத்துக் கம்பெனி. இரும்பு பீரோ செய்கிறவர்கள். பெரியவர் ஆரம்பித்தது. அவர் காலத்தில் எச்.ஆர். என்ற வார்த்தையே அந்த வாசலைத் தாண்டியதில்லை. இவளை "ஆள் பாக்கற அம்மா" என்பார்கள். பிறகு கதவில் 'எச்.ஆர். மேனேஜர்' என்று பலகை மாட்டினார்கள். வேலை என்னவோ அதேதான். ஆள் எடுப்பாள், சண்டை தீர்ப்பாள், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள்.

அவளுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. 'வீட்ல கேட்டீங்களா மேடம்.' ஒருவன் ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று வந்து நின்றால், "வீட்ல கேட்டீங்களா?" என்பாள். வேறு கிளைக்குப் போகிறேன் என்றாலும் அதே கேள்விதான். சூப்பர்வைசரோடு முட்டிக்கொண்டு, வேலையே வேண்டாம் என்று கையெழுத்துப் போட வந்தவனிடமும், "போடுங்க, தாராளமா போடுங்க. வீட்ல கேட்டீங்களா?" என்பாள். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு மறுநாள் வாயைத் திறக்காமல் வேலைக்கு வந்துவிடுவார்கள். பதில் தெரியாமல் அவள் எந்தக் காகிதத்தையும் நகர்த்த மாட்டாள். முதலாளிகளே அதற்குப் பழகிப்போனார்கள்.

முதலாளிகள் இரண்டு பேர், பெரியவரின் பிள்ளைகள். அண்ணன் ஆபீசைப் பார்த்துக்கொள்வார், தம்பி ஷெட்டைப் பார்த்துக்கொள்வார். அப்பா போன பிறகு இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம். என்னவென்று அவர்களுக்கே மறந்திருக்கும். ஆனால் நேராகப் பேசிக்கொள்வது மட்டும் நின்றுபோனது. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "மேடம், இரும்புத் தகடு லேட்டாகும்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்பார் தம்பி. "தெரியும்னு அவன்கிட்ட சொல்லுங்க மேடம்" என்பார் அண்ணன். நடுவில் இவள். ஒரு நாள் இவளுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டதில் அந்தக் கம்பெனியில் ஒரு லாரி பாதி லோடோடு சாயங்காலம் வரை நின்றது. ஏற்றச் சொல்வதா, இறக்கச் சொல்வதா என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

நான் ரிட்டயர் ஆனபோது, "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வந்துடறேன்" என்றாள். நானும் நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நாடகம் நடக்கும். "இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. என்ன சொல்றீங்க?" என்று கேட்பாள். ஊரையே வீட்டில் கேட்கச் சொல்கிறவள், தன் வீட்டில் கேட்காமல் இருப்பாளா? பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பாள். நானும் பேப்பரை மடிக்காமல், "உன் இஷ்டம்" என்பேன். போதும், வந்துவிடு என்று சொல்ல நெஞ்சு முழுக்க ஆசை. வாய்க்கு வருவது என்னவோ "உன் இஷ்டம்" மட்டும்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். இன்னும் ஒரு வருஷம்.

இந்த வருஷம் அவள் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பையை வைத்துவிட்டு, "போதும்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். "அப்படியா" என்றேன், ஏதோ வெயில் குறைந்துவிட்டது என்று சொன்ன மாதிரி. பிறகு பின்பக்கம் போய், கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு வந்தேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஈரமா இருக்கே" என்றாள்.

எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. மகள் வேலையும் குடும்பமுமாகத் தொலைவில் இருக்கிறாள், வாராவாரம் ஃபோனில் வருவாள். இந்த வீட்டில் பகல் முழுக்க நான் ஒருத்தன்தான். பகல் பத்து மணிக்கு என் மனைவியின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சமையலறை ஜன்னலில் அந்த நேரத்தில் நல்ல வெளிச்சம் வரும். அதில் அவள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நான் எதையாவது சொல்ல, அவள் "ம்" கொட்ட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

விழா நாளும் வந்தது. ஷெட்டில்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். பீரோக்களையெல்லாம் சுவர் ஓரமாக ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பெயிண்ட் வாசனை போகட்டும் என்று நாலு பக்கமும் ஃபேன் வைத்திருந்தார்கள். அது வாசனையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசை சோபாவில் உட்கார வைத்தார்கள். அங்கே எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. "மேடம் சார் வந்துட்டாரு, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு."

பக்கத்தில் பெரியவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். கம்பெனியே அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடும். பேச்சு குறைவு. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

மேடையில் என் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. பீரோ கம்பெனியில் துணி போட்டு மூடியிருப்பது என்னவாக இருக்கும்? நான் மனசுக்குள் வீட்டை அளந்துகொண்டிருந்தேன். படுக்கையறைக் கதவை முழுதாகத் திறக்க முடியாது, பரவாயில்லை, பக்கவாட்டில் நுழைந்துகொள்ளலாம்.

பேசினார்கள். வெல்டர் ஒருவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கண்ணு மங்குச்சு. வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. மேடம் என்னைக் கூப்பிட்டு, இனிமே நீங்க செய்ய வேணாம், மத்தவங்க செஞ்சதை விரலால தடவிப் பாத்து சரியா தப்பான்னு சொல்லுங்க போதும்னாங்க" என்றார். அப்புறம் பேச முடியாமல் இறங்கிவிட்டார்.

பெயிண்ட் செக்‌ஷன் பெண்மணி வந்தார். "என் பொண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது. இது என் மாமியாருக்கே ஞாபகம் இருக்காது. மேடத்துக்கு இருக்கும். இங்க பிள்ளைங்களுக்கு கேக் குடுக்கும்போதெல்லாம் அவளுக்குன்னு கடலை போடாதது ஒண்ணு தனியா இருக்கும்" என்றார். கடைசி வரிசையில் ஒரு வளர்ந்த பெண் கையைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கம்பெனி டிரைவர் வந்தார். "எங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப எனக்கு வெளியூர் லோடு. ஞாயித்துக்கெழமை பூரா மேடம்தான் பக்கத்துல உக்காந்திருந்தாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஞாபகம் இருந்தது. சினிமாவுக்குப் போவதாக இருந்தோம். நான் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். அவருடைய அப்பா பிழைத்துக்கொண்டார், நல்லவேளை. இல்லாவிட்டால் எனக்குப் பொறாமைப்படக்கூட வழி இருந்திருக்காது.

ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து என்ன பயன்? எனக்குக் கிடைக்க வேண்டிய ஏதோ ஒன்றை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துப் போனவர்கள் வரிசையாக வந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. ஆனால் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். நானும் கை சிவக்கத் தட்டினேன்.

கடைசியில் அண்ணன் முதலாளி எழுந்தார். "மேடம் எங்க வீட்டுப் பொண்ணு. அப்பா அப்படித்தான் சொல்லுவாரு. அவங்களை அனுப்பறதுக்காக இந்த விழா இல்ல. நானும் தம்பியும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம்" என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நானும் தம்பியும் பேசி என்று சொன்னாரா? "நேராவே பேசினோம்" என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. விசில் பறந்தது.

தம்பி முதலாளி துணியை இழுத்தார். தந்தநிறத்தில் ஒரு பீரோ. பளபளவென்று இருந்தது. கதவில் என் மனைவியின் பெயரும் அதற்குக் கீழே 'ஆலோசகர்' என்றும் எழுதியிருந்தது.

"மாடியில புது ரூம் போட்டாச்சு. இது அந்த ரூமுக்கு. மேடம் எங்கயும் போகல. காலம் முழுக்க இங்கதான்" என்றார் தம்பி. அண்ணன் தம்பியின் தோளில் கையைப் போட்டார். ஷெட் அதிர்ந்தது. எனக்குப் பின்னால் யாரோ நாற்காலி மேல் ஏறி நின்றே தட்டினார்கள்.

எனக்குக் கை எழும்பவில்லை.

அவளைத்தான் பார்த்தேன். அவள் பீரோவின் கைப்பிடியைத் திருகி, கதவை ஒரு தடவை திறந்து மூடினாள். கீல் சத்தம் போடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். போடவில்லை. தன் பெயரை விரலால் தொட்டாள். அவளுக்குப் பிடித்திருந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை, அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். முடிந்தது கதை, இன்றைக்கும் நான் தனியாகத்தான் பஸ் ஏறப்போகிறேன் என்று தோன்றியது.

அவள் மைக்கை வாங்கினாள். இரண்டு முதலாளிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு நாளும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"வீட்ல கேட்டீங்களா?"

ஷெட்டே வெடித்துச் சிரித்தது. வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் தம்பியைப் பார்த்தார். "நீ சார்கிட்ட கேக்கலயா?" "நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேண்ணா." மைக்கில் எல்லாம் கேட்டது. இத்தனை வருஷமாக அந்தக் கம்பெனியில் எல்லாப் பேச்சும் இவள் வழியாகத்தான் போய் வந்தது. கேட்க வேண்டியதை நடுவில் இவள் கேட்டுவிடுவாள். திடீர் மகிழ்ச்சி கொடுக்கிறோம் என்று இவளுக்குத் தெரியாமல் ஒரே ஒரு விஷயத்தைச் செய்தார்கள், அதில் அந்தக் கேள்வி விட்டுப்போனது.

சிரிப்பு அடங்குவதற்குள் மைக் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்துவிட்டது. "மேடம் சார், சரின்னு சொல்லிடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பஸ்ஸில் ஆயிரம் பேர் நடுவில் கத்தியவன் நான். எழுந்து நின்று மைக்கைத் தலைகீழாகப் பிடித்தேன், யாரோ திருப்பிக் கொடுத்தார்கள்.

அவள் மேடை விளிம்புக்கு வந்து நின்றாள். பாத்திரம் எதுவும் கையில் இல்லை. முதுகைக் காட்டவில்லை. நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்றும் இல்லை, வா என்றும் இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

'உன் இஷ்டம்' தொண்டை வரை வந்துவிட்டது. பழகின பாதை, அதுவாகவே வரும். அதைச் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். கண் மங்கின மனிதருக்கு, டிரைவருக்கு, நேராகப் பேசிப் பழகாத அந்த அண்ணன் தம்பிக்கு. அவளுக்கும்தான். எனக்கு மட்டும் ஜன்னலில் வெளிச்சம் வரும், போகும்.

"மேடம் எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்க" என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "ரொம்ப சந்தோஷம். ஆனா, கட்டிக் குடுத்த பொண்ணை ஒரு நாள் அனுப்பி வைக்கணும் இல்லையா? நான் ரொம்ப நாளா வாசல்லயே நிக்கறேங்க. கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

முதலில் சில பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அதையும் மைக் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தது.

பக்கத்தில் அம்மா எழுந்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கி சோபாவில் வைத்தார். அது இல்லாமலே பேசினார். "கூட்டிட்டுப் போங்க மாப்ள" என்றார். மேடையைப் பார்த்து, "எறங்கி வாம்மா. அந்த ரெண்டு பேரும் இனி அவங்களே பேசிக்கட்டும்" என்றார்.

அவள் இறங்கி வந்தாள். உடனே இல்லை. ஒரு தடவை பீரோவைத் திரும்பிப் பார்த்தாள், ஷெட்டை ஒரு தடவை முழுக்கப் பார்த்தாள், அப்புறம்தான் இறங்கினாள்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தேன். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் ஒரு பூங்கொத்து. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவும் இல்லை.

"கோபமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"தெரியல. அந்த பீரோ நல்லா இருந்துச்சு" என்றாள். பிறகு, நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது, "நீங்க பேசினதும் நல்லா இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது அவள் குளித்து, வேலைக்குப் போகிற உடையில், தலை வாரி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பை தோளில் இருந்தது. "பழக்கத்துல கிளம்பிட்டேன். செருப்பு போடும்போதுதான் ஞாபகம் வந்துச்சு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் கேட்டு வாங்கி வந்தது இந்த முகத்தைத்தானா என்று இருந்தது.

"டீ போடறேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். அவள் பால் காய்ச்சினாள். டப்பாவைத் திறந்தாள். ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"உங்களுக்கு சர்க்கரை எவ்வளவு போடணும்?"

வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. காலையில் நான் எழுவதற்கு முன்னால் கிளம்பிப் போகிறவள், நான் என் டீயை நானே போட்டுக் குடிக்கிறவன், அவளுக்கு எப்படித் தெரியும்?

"சர்க்கரை நிறுத்தி ரெண்டு மூணு வருஷம் ஆச்சு" என்றேன்.

"எதுக்கு?"

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்? என்கிட்ட சொல்லவே இல்ல."

"நீ அன்னைக்கு அவசரத்துல இருந்த."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். டப்பாவை மூடினாள். அடுப்பை அணைத்தாள். தோளில் அப்போதும் அந்தப் பை இருந்தது, அதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள், எதிரில் ஒன்றைத் தனக்குப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே அவளுடைய ஃபோன் அடித்தது. இந்த நேரத்தில் வேறு யார், அந்த அண்ணனோ தம்பியோதான். அவள் கண் ஒரு தடவை அந்தப் பக்கம் போய் வந்தது.

"ஃபோன் அடிக்குது" என்றேன்.

"தெரியுது" என்றாள். "நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரியாதது எல்லாத்தையும் மொதல்லேருந்து சொல்லுங்க."

அவள் இப்படி ஒருவருக்கு எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், முழங்கால் வலியிலிருந்து ஆரம்பித்தேன்.